நானோபொருள் படிக்கத் தொடங்குகிறீர்களா? வள்ளுவர் சிலையிலிருந்து தொடங்குங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் முதுகலை வேதியியல் படிக்கிற பிள்ளைகள் பலருக்கு இறுதி ஆண்டு புராஜெக்ட் நானோதுகளில்தான் அமைகிறது. ஏதாவது ஓர் இலையைக் கொதிக்க வைத்து, சாற்றைச் சில்வர் நைட்ரேட்டில் ஊற்றி, நிறம் மாறியதும் படம் எடுத்து வைக்கிறார்கள். ஒரு பக்கமாவது 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருந்தால் அது நானோபொருள் என்ற வரையறை எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் வெள்ளி ஏன் மஞ்சளாகத் தெரிகிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற வேதியியலில் எந்தத் தனிமம், எந்தச் சேர்மம் என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். இங்கே அதோடு எவ்வளவு பெரிது, என்ன வடிவம், மேலே என்ன ஒட்டியிருக்கிறது என்ற மூன்றையும் கேட்டாக வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகுவதற்குத்தான்.

முதல் படி: அளவைக் கண்ணால் பாருங்கள்

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. இப்படிச் சொன்னால் யாருக்கும் மனதில் ஒன்றும் பதியாது. கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் வள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதாவது 40 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 40 நானோமீட்டர் உள்ள ஒரு தங்கத் துகளை நூறு கோடி மடங்கு பெரிதாக்கினால் சிலை உயரத்துக்கு வந்துவிடும். அதே கணக்கில் ஒரு தங்க அணு சுமார் 29 சென்டிமீட்டர், மட்டை உரிக்காத ஒரு தேங்காய் அளவு. அப்படியானால் அந்தத் துகள், சிலை உயரத்துக்குக் குவித்து அடுக்கிய ஒரு தேங்காய் உருண்டை. அதில் ஏறக்குறைய 20 லட்சம் தேங்காய் இருக்கும். டி.என்.ஏ. இழையின் குறுக்களவு 2 மீட்டர் ஆகும். 80,000 நானோமீட்டர் தடிமன் உள்ள ஒரு தலைமுடியோ 80 கிலோமீட்டர் அகலத்துக்கு விரியும். ஏறக்குறைய நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி வரை!

இந்தத் தேங்காய்க் கணக்கை மனதில் வைத்திருங்கள். பின்னால் ஒரு சமன்பாட்டில் நாம் தவறு செய்யும்போது இதுதான் காப்பாற்றும்.

இரண்டாம் படி: மேற்பரப்பை எண்ணுங்கள்

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை எடுங்கள். ஆறு முகம், மொத்தம் 6 சதுர சென்டிமீட்டர் பரப்பு. அதை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 1000 துண்டு, பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். ஒரு நானோமீட்டர் துண்டுகளாக வெட்ட முடிந்தால் 6000 சதுர மீட்டர், நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். பொருள் கொஞ்சமும் கூடவில்லை. உள்ளே இருந்த அணுக்கள் வெளியே வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அணுக்களையே எண்ணிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஓர் அணுவைச் சுற்றி 12 அணுக்களை நெருக்கமாக அடுக்கினால் 13 அணுக் கொத்து. அதில் 12 வெளியே. அடுத்த அடுக்கும் சேர்ந்தால் 55 அணுக்கள், 42 வெளியே. அடுத்தது 147, அதில் 92. அப்புறம் 309, அதில் 162. கொத்து வளர வளர, வெளியே இருப்பவர்களின் பங்கு குறைந்துகொண்டே வரும். உள்ளே இருக்கும் அணுவுக்கு எல்லாப் பக்கமும் கை பிடிக்க ஆள் உண்டு. வெளியே இருப்பதற்கு ஒரு பக்கம் வெறுமை. அதனால் அது சீக்கிரம் வினைபுரியும், சீக்கிரம் இடம் பெயரும்.

இதிலிருந்தே இரண்டு பண்புகள் வந்துவிடுகின்றன. கட்டித் தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். சில நானோமீட்டர் துகள்கள் அதற்குப் பல நூறு டிகிரி முன்னாலேயே உருகிவிடும். இரண்டாவது எனக்கு மிகப் பிடித்தது. தங்கம் எளிதில் எதோடும் வினைபுரியாது என்பதால்தானே தலைமுறை தலைமுறையாகத் தாலியைத் தங்கத்தில் செய்கிறோம்? 1987 இல் ஜப்பானிய வேதியியலாளர் மசடகே ஹருடா, ஆக்சைடுகளின் மேல் படியவைத்த 5 நானோமீட்டருக்கும் சிறிய தங்கத் துகள்கள், கார்பன் மோனாக்சைடை நீர் உறையும் வெப்பநிலைக்குக் கீழேகூட ஆக்ஸிஜனேற்றம் செய்வதைக் காட்டினார். அதே தங்கம்தான், ஆனால் வினையூக்கியாகிவிட்டது.

மூன்றாம் படி: வடிவத்தையும் அடுக்கையும் பிரித்துக் கேளுங்கள்

கட்டமைப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று வெளி வடிவம். மூன்று பக்கமும் நானோ அளவில் இருந்தால் சுழிப் பரிமாணம்: துகள், குவாண்டம் புள்ளி, ஃபுல்லரீன். இரண்டு பக்கம் நானோ, ஒரு பக்கம் நீளம் என்றால் ஒரு பரிமாணம்: கம்பி, குழாய். தடிமன் மட்டும் நானோ என்றால் இரு பரிமாணம்: தாள். நீளுகிற பக்கங்களை எண்ணுங்கள், குழப்பம் வராது. மற்றது உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை. வெள்ளியும் தங்கமும் முகப்பு மையக் கனசதுர அமைப்பு. டைட்டானியம் டை ஆக்சைடு அனடேசாகவும் இருக்கலாம், ரூட்டைலாகவும் இருக்கலாம். ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் கட்டிலிருந்து விடுபட்டு ஓடத் தாண்ட வேண்டிய ஆற்றல், முன்னதில் சுமார் 3.2, பின்னதில் சுமார் 3.0 எலக்ட்ரான் வோல்ட்.

கார்பனை வைத்துப் படித்தால் இது நன்றாகப் பிடிபடும். 1985 இல் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி மூவரும் கண்ட ஃபுல்லரீனில் 60 கார்பன், 12 ஐங்கோணம், 20 அறுகோணம், கால்பந்தின் தையல் போல. 2004 இல் கெய்மும் நோவசெலோவும் கிராஃபைட்டிலிருந்து ஒட்டு டேப்பால் உரித்தெடுத்த ஒற்றை அணுத் தாள் கிராஃபீன். அந்தத் தாளைச் சுருட்டினால் கார்பன் நானோகுழாய். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். கோடு போட்ட ஒரு பாயை நேராகச் சுருட்டினால் கோடுகள் வளையமாகச் சேரும். கொஞ்சம் சாய்த்துச் சுருட்டினால் கோடுகள் திருகிக்கொண்டு ஓடும். பாய் அதேதான். நானோகுழாயிலும் இப்படித்தான்: சுருட்டும் கோணத்தைப் பொறுத்துச் சில குழாய்கள் உலோகம் போல மின்சாரம் கடத்துகின்றன, சில குறைக்கடத்தியாகின்றன. கட்டமைப்பு பண்பைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நான்காம் படி: நிறத்தின் இரண்டு காரணங்களைக் குழப்பாதீர்கள்

தேர்வுத்தாள்களில் அதிகம் தவறுகிற இடம் இதுதான். நானோதுகள் நிறம் மாறக் காரணம் என்ன என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் குவாண்டம் அடைப்பு என்று எழுதிவிடுகிறார்கள். உலோகத்துக்கு ஒரு காரணம், குறைக்கடத்திக்கு வேறு காரணம்.

தங்கம், வெள்ளி போன்ற உலோகத் துகளில் கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒரு கூட்டமாக இருக்கின்றன. ஒளி அலை வந்து தள்ளும்போது, கிண்ணத்தில் தண்ணீர் தளும்புவது போல அந்தக் கூட்டம் முழுவதும் இங்கும் அங்கும் தளும்புகிறது. எந்த அதிர்வெண்ணில் அந்தத் தளும்பல் ஒத்திசைகிறதோ அந்த நிறத்தைத் துகள் எடுத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் மேற்பரப்புப் பிளாஸ்மான் ஒத்திசைவு. 20 நானோமீட்டர் தங்கம் 520 நானோமீட்டர் பக்கம் உள்ள பச்சை ஒளியை எடுத்துக்கொள்வதால் கரைசல் சிவப்பாகத் தெரிகிறது. வெள்ளி 400 நானோமீட்டர் பக்கம் ஊதாவை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் நம் கண்ணுக்கு வருவது மஞ்சள். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். மைக்கேல் ஃபாரடே 1857 இலேயே சிவப்புத் தங்கக் கரைசலைச் செய்து, அந்த நிறம் மிக நுண்ணிய தங்கத்தால் வருகிறது என்று சொல்லிவிட்டார். அவர் காலத்தில் அந்தத் துகளைப் பார்க்க ஒரு கருவியும் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

காட்மியம் செலினைடு போன்ற குறைக்கடத்தியில் நடப்பது வேறு. அங்கே ஓர் எலக்ட்ரான் சிறிய அறைக்குள் அடைபட்டிருக்கிறது, குவாண்டம் அடைப்பு என்பது இதுதான். குழல் குட்டையானால் சுருதி ஏறும் அல்லவா, அது போல அறை சிறுத்தால் ஆற்றல் ஏறும். குழலில் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பு; இங்கே பெட்டி பாதியானால் அடைப்பு ஆற்றல் நான்கு மடங்கு. ஆகவே 2 நானோமீட்டர் புள்ளி நீலமாக ஒளிரும், 6 நானோமீட்டர் புள்ளி சிவப்பாக ஒளிரும். இந்தக் குவாண்டம் புள்ளிகளுக்காகத்தான் பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் 2023 இன் வேதியியல் நோபல் பரிசு.

மூன்றாவதாக நம் மாவட்டத்து உதாரணம் ஒன்று. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட் இருக்கிறது. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. டைட்டானியம் டை ஆக்சைடு தயாரிக்க இது ஒரு முக்கியக் கனிமம். அந்த ஆக்சைடைச் சுமார் 200 முதல் 300 நானோமீட்டர் துகளாக்கினால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை நன்றாகச் சிதறடிக்கும், வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயிண்ட் ஆகும். 50 நானோமீட்டருக்குக் கீழே கொண்டுபோனால் சிதறல் போய்விடும். புற ஊதாவை மட்டும் தடுத்துக்கொண்டு, வெள்ளைப் பூச்சு தெரியாத சன்ஸ்கிரீன் ஆகும்.

இந்த மணலுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1909 இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்து, தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்தார். கேஸ் விளக்கின் மேன்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. இதைக் கேட்டதும் மணலை அள்ளி வந்து ஆய்வு செய்யலாமா என்று சிலருக்கு ஆசை வரும். வேண்டாம். மோனசைட் கதிரியக்கமுள்ள கனிமம், அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பது, அரைத்தால் அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகும். டைட்டானியம் வேண்டுமென்றால் ஆய்வகத் தரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: துகளின் சட்டையைப் பாருங்கள்

மேல்புறத்தில் பல பேர் தனியாகக் கை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தோம். இரண்டு துகள்கள் சந்தித்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் நானோ என்ற கதையே முடிந்தது. அதனால் ஒவ்வொரு நல்ல நானோதுகளும் ஒரு சட்டை போட்டிருக்கும்: சிட்ரேட், பாலிமர், புரதம் ஏதாவது.

குலசேகரம், அருமனைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். விடியற்காலையில் வெட்டி எடுத்த ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றி, நீர் கலந்து, ஆசிட் விட்டால் சிறிது நேரத்தில் உறைந்துவிடும். அப்புறம் ஷீட் அடிப்போம். பாலில் மிதக்கும் ரப்பர் உருண்டைகளின் மேல் புரதமும் பாஸ்போலிப்பிடும் ஒரு போர்வையாக இருக்கின்றன, அந்தப் போர்வைக்கு எதிர்மின்னூட்டம். ஒரே மின்னூட்டம் என்பதால் உருண்டைகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஆசிட் அந்த மின்னூட்டத்தை அழிக்கிறது, ஒட்டிக்கொள்கின்றன. பால் உறையாமல் இருக்க வேண்டுமென்றால் அம்மோனியா ஊற்றுவார்கள், விலக்கம் நிலைத்திருக்கும். சிட்ரேட் சட்டை போட்ட தங்கத் துகளும் இதே பாடம்தான். அதில் சிட்டிகை உப்பைப் போட்டுப் பாருங்கள், சிவப்பு நீலமாகும். உப்பின் அயனிகள் மின்னூட்டத்தை மறைத்துவிட்டன, துகள்கள் கூடிவிட்டன, பிளாஸ்மான் நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்துவிட்டது.

ரப்பரிலேயே இன்னொன்றும் உண்டு. டயர் கறுப்பாக இருப்பது கார்பன் கறுப்பால். அதன் அடிப்படைத் துகள்கள் சில பத்து நானோமீட்டர்தான். ரப்பர் சங்கிலிகளை அவை பிடித்துக்கொள்வதால்தான் டயர் தேய்மானத்தைத் தாங்குகிறது.

மேற்பரப்பின் வேலையைக் கையால் தொட்டுப் பார்க்க ஆசையா? தேரூர், சுசீந்திரம் பக்கத்துக் குளத்திலிருந்து ஒரு தாமரை இலை கொண்டு வாருங்கள். தண்ணீர் முத்தாக உருளும். இலைமேல் சில மைக்ரோமீட்டர் உயர மொட்டுகள், அவற்றின் மேல் நானோ அளவு மெழுகுக் குழல்கள். துளி அவற்றின் நுனியில் காற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இப்போது ஓர் இடத்தை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு அங்கே துளி விடுங்கள். அங்கே தண்ணீர் பரவி ஒட்டிக்கொள்ளும். மெழுகு இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதன் கட்டமைப்பை மட்டும் நசுக்கிவிட்டீர்கள்.

ஆறாம் படி: ஒரு துகளை நீங்களே செய்யுங்கள்

வெள்ளிதான் தொடங்க எளிது. ஆசிரியர் துணையோடு, கல்லூரி ஆய்வகத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கறுப்புக் கறை பல நாள் போகாது.

10 கிராம் கொய்யா இலையை வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) நன்றாகக் கழுவி நறுக்கி, 100 மில்லி வடிநீரில் 70 டிகிரி செல்சியஸ் பக்கம் 20 நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டு வடிகட்டுங்கள். சில்வர் நைட்ரேட் 17 மில்லிகிராம் எடுத்து 100 மில்லி வடிநீரில் கரைத்தால் ஒரு மில்லிமோலார் கரைசல். அதில் 90 மில்லிக்கு 10 மில்லி சாற்றைச் சொட்டுச் சொட்டாகக் கலக்கியபடி விடுங்கள். இலையின் பாலிஃபீனால்கள் வெள்ளி அயனியை ஒடுக்கி உலோகமாக்குகின்றன, அவையே சட்டையாகவும் போய் ஒட்டுகின்றன. மஞ்சள் வரும், பிறகு பழுப்பு. அம்பர் நிறப் புட்டியில், இருட்டில் வையுங்கள்.

வடிநீர் என்று மூன்று முறை சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதன்முதலில் செய்தபோது கடலோர ஊர் ஒன்றின் போர்வெல் தண்ணீரில் சாறு எடுத்தேன். சில்வர் நைட்ரேட்டில் விட்டதும் பால் போலக் கலங்கியது. வெயிலில் வைத்ததும் அது சாம்பல் ஊதாவானது. அது நானோவெள்ளி இல்லை, சில்வர் குளோரைடு. ஒரு வாரம் போனது. நம் கரையோர நிலத்தடி நீரில் உப்பு அதிகம். இலையிலேயும் கொஞ்சம் குளோரைடு இருக்கும். ஆகவே கலங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு, தண்ணீரை முதலில் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், லேசர் விளக்கைக் காட்டி டிண்டால் விளைவு (துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் ஒளிக்கோடு தெரிவது) தெரிகிறது, ஆகவே நானோவெள்ளி உருவானது என்று எழுதாதீர்கள். இலைச் சாறே ஒரு கூழ்மம்; வெள்ளி சேர்க்கும் முன்னாலும் ஒளிக்கோடு தெரியும். சாற்றை மட்டும் ஒரு சோதனைக் குழாயில் ஒப்பீட்டுக்கு வைத்திருப்பது நல்ல பழக்கம்.

ஏழாம் படி: அளந்து, அளந்ததைச் சந்தேகியுங்கள்

முதலில் புற ஊதா கட்புலன் நிறமாலை. 400 முதல் 450 நானோமீட்டருக்குள் ஒரு முகடு வர வேண்டும். முகடு அகலமாக, வலப்பக்கம் சரிந்து இருந்தால் துகள்கள் பல அளவில் இருக்கின்றன அல்லது கூடிவிட்டன என்று பொருள்.

அடுத்தது எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு. தாமிரக் கதிருக்கு, இரண்டு தீட்டா (படிகத்தில் பட்டுக் கதிர் திரும்பும் கோணம்) 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரியில் வெள்ளியின் முகடுகள் வரும். 27.8, 32.2, 46.2 டிகிரியில் முகடு கண்டால் அது சில்வர் குளோரைடு. அந்தப் போர்வெல் தண்ணீர் இங்கேயும் காட்டிக்கொடுக்கும்.

ஷெரர் சமன்பாட்டில் படிக அளவைக் கணக்கிடுவோம். 0.9 ஐ அலைநீளத்தால் பெருக்கி, முகட்டின் பாதி உயர அகலமும் தீட்டாவின் கோசைனும் சேர்ந்த பெருக்கலால் வகுக்க வேண்டும். 38.1 டிகிரி முகட்டின் அகலம், கருவியின் பங்கைக் கழித்த பிறகு, 0.42 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதை ரேடியனாக மாற்றினால் 0.00733. தீட்டா 19.05 டிகிரி, அதன் கோசைன் 0.9452. ஆகவே 0.9 × 0.15406 ÷ (0.00733 × 0.9452) = 20 நானோமீட்டர்.

ரேடியனாக மாற்ற மறந்தால் 0.35 நானோமீட்டர் என்று வரும். இந்த விடையோடு ஆய்வறிக்கை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். தேங்காய்க் கணக்கு நினைவிருக்கிறதா? வெள்ளி அணுவும் கிட்டத்தட்டத் தங்க அணு அளவுதான். வெள்ளிப் படிகத்தின் ஓர் அலகுக்கூடே (திரும்பத் திரும்ப அடுக்கிப் படிகமாகும் மிகச் சிறிய பெட்டி) 0.409 நானோமீட்டர். அதைவிடச் சிறிய படிகம் இருக்க முடியாது. மட்டை உரிக்காத ஒன்றேகால் தேங்காயை உங்கள் துகள் என்று சொல்கிறீர்கள்.

இன்னொன்று. ஷெரர் தருவது படிகத் துண்டின் அளவு, துகளின் அளவு வேறாக இருக்கலாம். மட்டி வாழைக் குலையில் பல சீப்புகள் இருப்பது போல, ஒரு துகளில் பல படிகங்கள் இருக்கும். ஷெரர் சீப்பைச் சொல்லும். குலையைப் பார்க்க ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். நம் மாணவர்கள் கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்துக்கோ சென்னை ஐஐடிக்கோ மாதிரி அனுப்பிப் படம் எடுக்கலாம். மாதிரிக்குக் கட்டணம் உண்டு, முறை வரக் காத்திருக்கவும் வேண்டும். ஆகவே நிறமாலை சரியாக வந்த மாதிரியை மட்டும் அனுப்புங்கள். படம் வந்ததும் அழகான ஒரு மூலையைக் காட்டி முடித்துவிடாமல், குறைந்தது நூறு துகளையாவது அளந்து பரவல் வரைபடம் போடுங்கள்.

எட்டாம் படி: மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்

உலர்ந்த நானோதூளை மின்விசிறிக்குக் கீழே திறக்கக் கூடாது. என்95 முகக்கவசம் போடுங்கள். வெள்ளி, அயனியாக இருந்தாலும் துகளாக இருந்தாலும், நீரில் வாழும் சிற்றுயிர்களுக்கு நஞ்சு. ஆய்வகச் சாக்கடை கடைசியில் பழையாற்றுக்கோ குழித்துறைத் தாமிரபரணிக்கோதான் போய்ச் சேரும். மிச்சக் கரைசலில் சாப்பாட்டு உப்பைக் கரைத்து ஒரு நாள் வையுங்கள். வெள்ளி அயனி குளோரைடாகப் படியும், பெரும்பாலான துகள்களும் கூடிக் கீழே இறங்கும். புராஜெக்டைக் கெடுத்த அதே உப்பு இங்கே உதவுகிறது. தெளிந்த நீரையும் உடனே கொட்டாமல் தனிப் புட்டியில் ஊற்றி, படிவை வடிகட்டி உலர்த்தி மூடியுள்ள டப்பாவில் போட்டு, இரண்டின் மேலும் வெள்ளிக் கழிவு என்றும் தேதியும் எழுதி, ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.